வக்கீல் ஃபீஸுக்காக வட்டிக்கு வாங்காதீர்கள்: மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தம்பி குடியிருந்தார். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது, பைக் லோன், மொபைல் ஆப்பில் எடுத்தது, தண்டல்காரரிடம் வாங்கியது எல்லாம் சேர்ந்து நாலரை லட்சம் ஆகிவிட்டது. "பேசாம ஐ.பி. போட்டுடு, மஞ்சள் நோட்டீஸ் குடுத்துட்டா ஒருத்தனும் வாசலுக்கு வரமாட்டான்" என்று கூட வேலை பார்த்தவர் சொல்லியிருக்கிறார். ஐ.பி. என்பது கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு; மஞ்சள் நோட்டீஸ் என்பது அதுபற்றிக் கடன்காரர்களுக்கு அனுப்பும் அறிவிப்பு. வக்கீல் 30,000 ரூபாய் கேட்டார். அந்தப் பணத்தையும் இவர் பத்து வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். மாதம் 3,000 வட்டி. மனுவுக்கு நம்பர் விழுவதற்குள் வட்டியாகக் கட்டியதே 15,000-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு பைசா கொடுக்காமல் வக்கீல் வைத்துக்கொள்ள அவருக்குச் சட்டத்திலேயே உரிமை இருந்தது. அவருக்கும் தெரியவில்லை, அப்போது எனக்கும் தெரியவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம்-வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தப் பகுதியில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் மாதச் சம்பளத்தை நம்பித் தவணை கட்டுகின்றன! 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. சம்பளம் நின்ற மாதத்தில் தவணையும் சேர்ந்து நிற்பதில்லை. இன்று ஓவர்டைம் குறைந்தாலே பல வீடுகளில் அதே நிலைமைதான்.

1. முதல் போன் 15100-க்கு. இது தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவு யார் யாருக்கு இலவச வக்கீல் என்று பட்டியல் போடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என்று போகிற அந்தப் பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்று ஒரு வரி தனியாகவே இருக்கிறது. வருமான வரம்பு, வருமானத்தைக் காட்டிக் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான்; தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் கிடையாது. மாதம் 15,000 வாங்கினாலும் 35,000 வாங்கினாலும் கேட்கலாம். உங்கள் பக்கம் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வக்கீலை நியமிப்பார்கள். வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், பேட்டா, நகல் செலவு எல்லாம் இந்த உதவிக்குள் அடங்கும்.

2. நேரில் போக நினைத்தால் ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். கையில் கம்பெனி அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, ஆதார் இருக்கட்டும். 'நான் கான்ட்ராக்ட்தானே, எனக்கெல்லாம் தருவார்களா' என்று தயங்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவரும் தொழிலாளிதான். டிரெய்னியாக இருந்து அதனால் கேள்வி எழுந்தால் வருமானத்தைக் காட்டிக் கேளுங்கள். மனைவி பெயரிலும் கடன் இருந்தால் அவர் பெண் என்பதாலேயே தனியாகக் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத வராதவர்களுக்கு அங்கே உள்ள சட்டத் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள்.

3. குழு நியமித்த வக்கீல் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. 'டைப்பிங் செலவு', 'குமாஸ்தாவுக்கு டீ செலவு' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். குழுவின் தலைவரே ஒரு நீதிபதிதான். அவர் பெயருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இலவச வக்கீல் என்றால் அக்கறையாக நடத்த மாட்டார் என்ற பேச்சு ஊரில் உண்டு. நடத்தவில்லை என்றால் வேறு வக்கீல் கேட்டு வாங்கும் வழியும் அதே குழுவில்தான் இருக்கிறது. பத்து வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியவருக்கு அந்த வழி இல்லை.

4. எந்தச் சட்டம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். யூடியூபில் பலர் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் தனிநபருக்கான பகுதி, ஒரு நிறுவனத்தின் கடனுக்குத் தன் சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. லேத் பட்டறையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கி, வங்கிக் கடனுக்கு டைரக்டராகக் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த வகை. அவர்கள் போக வேண்டியது சென்னையில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். சம்பளக்காரர் ஒருவர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐ.பி. போட்டால் அது மாகாண நொடிப்புச் சட்டம், 1920-இன் கீழ்தான். சென்னை மாநகருக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டின் வேறு சட்டம், அது உயர் நீதிமன்றத்தில் நடக்கும். உங்களிடம் தீர்ப்பாயம், ரிசொல்யூஷன் புரொஃபஷனல் என்றெல்லாம் சொல்லிப் பெரிய தொகை கேட்டால், 'என் கேஸ் 1920 சட்டத்தில்தானே வரும்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஃபீஸ் இறங்கும்.

5. சொந்த ஊருக்கு ஓட வேண்டாம். விழுப்புரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இங்கே வேலை செய்பவர், தான் குடியிருக்கும் இடம் அல்லது உழைத்துச் சம்பாதிக்கும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ அங்கே மனு போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்து ஊருக்குப் போகிற செலவு மிச்சம்.

6. வக்கீலைப் பார்க்கும் முன் ஒரு நோட்டில் கடன்களைப் பிரித்து எழுதுங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்கினாலும் தகும், ஏனென்றால் வக்கீலுக்குப் பணம் கொடுத்தும் தீராத கடன்கள் எவை என்பது இந்த நோட்டில்தான் தெரியவரும்.

முதல் பக்கத்தில் அடமானக் கடன்கள்: வீடு, பைக், நகை. நொடிப்பு மனுவால் இவற்றின் மீதான பிடி விடாது. வங்கியோ அடகுக்கடையோ தன்னிடம் அடமானமாக உள்ள பொருளை ஏலம் விட்டுக்கொள்ளலாம். உங்கள் கடனில் முக்கால்வாசி நகைக்கடன் என்றால் ஐ.பி.க்குச் செலவு செய்வது வீண்.

இரண்டாம் பக்கத்தில், நீங்கள் நொடித்தாலும் இன்னொருவர் தலையில் விழுகிற கடன்கள். கூட வேலை செய்பவர் ஜாமீன் போட்டிருந்தால், நீதிமன்றம் உங்களை விடுவித்தாலும் அவர் விடுபடமாட்டார். அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். மகளிர் குழுக் கடனில் பக்கத்து வீட்டு அக்காக்கள் மாட்டிக்கொள்வார்கள். அவர்களிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். கோர்ட் நோட்டீஸ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்றால் அந்த மனக்கசப்பு ஆயுளுக்கும் ஆறாது.

மூன்றாம் பக்கத்தில், விடுவிப்புக் கிடைத்தாலும் கழியாதவை: அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், நீதிமன்றம் போட்ட ஜீவனாம்சம். செக் பவுன்ஸ் வழக்கையும் இங்கேயே எழுதுங்கள். அது குற்ற வழக்கு, தனியாக ஓடும். அந்த வழக்குக்கும் இலவச வக்கீல் கேட்கலாம்.

நான்காம் பக்கத்தில் மிச்சமிருப்பவை: பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, கைமாற்று, புரோநோட்டுக் கடன். ஐ.பி.யால் உண்மையில் பயன்பெறுவது இந்தப் பக்கம் மட்டும்தான். இதன் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு மனு போடலாமா என்று முடிவு செய்யுங்கள்.

7. மனு போடாமலேயே உங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். கடன்காரர் வழக்குப் போட்டு ஜெயித்துச் சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முழுச் சம்பளத்தையும் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. மாதம் 22,000 சம்பளம் என்றால் 1,000 போக 21,000. அதில் 14,000 உங்களுக்கு. ஆக 15,000 கைக்கு வரும், 7,000 வரைதான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதே தீர்ப்புக்காகச் சம்பளத்தை மறுபடி தொடக் கூடாது. கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் எதையும் எடுக்கக் கூடாது.

'ஜெயிலில் போடுவோம்' என்ற மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் அவசரமாக வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்குத்தான் சிறை. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யச் சட்டத்தில் இடமே இல்லை.

8. மக்கள் நீதிமன்றத்தில் பேசிப் பார்த்துவிட்டீர்களா? வழக்கு இன்னும் போடாத கடனைக்கூட வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது. ஏற்கெனவே நடக்கும் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வட்டியையும் அபராதத்தையும் தள்ளி, அசலில் ஒரு தொகை பேசி முடிக்க வங்கிகளும் பல நேரம் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் ஒன்று: அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. அதனால் 'மாசம் எவ்வளவு முடியும்' என்பதை வீட்டில் அரிசி, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே இருப்பவர்கள் முன் மரியாதைக்காக அதிகத் தொகை ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதமே தவறினால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

9. சொந்த வக்கீல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், மொத்தத் தொகையாகப் பேசாதீர்கள். மனு தயாரிக்க எவ்வளவு, கோர்ட் ஸ்டாம்ப் எவ்வளவு, ஒவ்வொரு கடன்காரருக்கும் நோட்டீஸ் போக பேட்டா எவ்வளவு, யாருக்காவது நோட்டீஸ் போய்ச் சேராவிட்டால் பேப்பரில் விளம்பரம் போட எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இதில் எதிர்பாராமல் அடிப்பது பேப்பர் விளம்பரம்தான். கடன்காரர்கள் எல்லாருடைய சரியான முகவரியையும் நீங்களே சேகரித்துக் கொடுத்தால் அந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். பணத்தை ஜிபேயில் அனுப்பி 'ஐ.பி. முதல் தவணை' என்று குறிப்புப் போடுங்கள். போனஸ் மாதத்தில் ஒரு பகுதி, உத்தரவு வந்தபின் ஒரு பகுதி என்று பிரித்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற பேச்சுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன.

10. ஃபீஸ் பேசும்போது விடுவிப்பு மனுவையும் சேர்த்துப் பேசுங்கள். பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். நீங்கள் நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது பாதி வேலை; கடன்களிலிருந்து உங்களை விடுவிக்கும் உத்தரவு (டிஸ்சார்ஜ்) மீதிப் பாதி. அந்த உத்தரவிலேயே, விடுவிப்புக்கு எத்தனை நாளுக்குள் மனுப்போட வேண்டும் என்று கெடு இருக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அறிவிப்பு ரத்தாகும். கடன்கள் எல்லாம் பழையபடி எழுந்து நிற்கும், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் இரண்டாவது மனுவும் போட முடியாது. 'ஐ.பி.க்குத்தான் ஃபீஸ் வாங்கினேன், டிஸ்சார்ஜுக்குத் தனி' என்று பின்னால் கேட்கும்போது கையில் காசு இல்லாமல் விட்டவர்களின் கதி இதுதான். அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவையுங்கள்.

11. மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியதுமே எல்லாரும் விலகிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். நோட்டீஸுக்கு அந்த பலம் இல்லை, நீதிமன்ற உத்தரவுக்குத்தான் உண்டு. மனு நிலுவையில் இருக்கும் மாதங்களிலும் போன் வரும். 'நோட்டீஸ் மட்டும் 5,000-க்கு அனுப்பித் தருகிறேன்' என்று சொல்பவரிடம் கொடுக்கிற காசு, தபால் செலவுக்குத்தான் ஆகும்.

12. பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் கணக்கில் இருக்கிறவரை எந்தக் கடன்காரரும், எந்த ஜப்தி உத்தரவும் அதை நெருங்க முடியாது. கிராஜுவிட்டிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வக்கீல் ஃபீஸுக்கென்று அதை எடுத்து பேங்க் கணக்கில் போட்ட நிமிஷமே அந்த வேலியை நீங்களே பிரித்துவிடுகிறீர்கள். வேலை போனவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான் என்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கனக்கிறது. இலவச வக்கீல் இருக்கும்போது இது தேவையே இல்லை.

13. நிலத்தை மச்சான் பெயருக்கு, பைக்கைத் தம்பி பெயருக்கு என்று மாற்றிவிட்டு மனுப்போட யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் விலை வாங்காமல் எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு வேண்டியவருக்கு மட்டும் கடன் அடைத்ததையும் ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறைகூட உண்டு. ஃபீஸுக்கு ஏதாவது விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் சந்தை விலைக்கு விற்று ரசீது வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவருடையது. அதன் பில்லையோ கல்யாண போட்டோவையோ பத்திரப்படுத்துங்கள். அதை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுக்காதீர்கள்.

14. லீவையும் செலவில் சேருங்கள். 22,000 சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 846 ரூபாய். பத்து வாய்தாவுக்குப் போனால் 8,460, அட்டெண்டன்ஸ் போனஸ் வேறு போகும். எந்தெந்தத் தேதிக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும், எதற்கு வக்கீல் மட்டும் போதும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களை விசாரிக்கும் நாளில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும். அந்த வாரம் நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள், நைட் முடித்துத் தூங்காமல் போவது கஷ்டம்தான் என்றாலும்.

15. 'உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், மாதம் இவ்வளவு கட்டுங்கள், பேங்குக்குக் கட்டுவதை நிறுத்துங்கள்' என்று போனில் அழைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்குக் கட்டும் சந்தாவில் ஒரு ரூபாய்கூட உங்கள் கடனில் கழியாது. நின்றுபோன தவணைக்கு அபராதம் ஏறும். அவர்கள் பேசுவதாகச் சொல்லும் அதே சமரசத்தைத்தான் மக்கள் நீதிமன்றத்தில் காசில்லாமல் நீங்களே பேச முடியும்.

16. வக்கீலை மாற்ற நினைத்தால் பயப்படாமல் மாற்றுங்கள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம், கட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். எப்படியும் அசல் பத்திரங்களைக் கொடுக்காமல் நகலைக் கொடுப்பதும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பதும் நல்லது.

17. வீட்டுக்கு வந்து தொல்லை கொடுப்பதைத் தடுக்க மட்டும் ஐ.பி. போடுவதாக இருந்தால், அதற்குச் செலவில்லாத வழிகள் தனியாக இருக்கின்றன. வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், விவரம் கேட்க 14448. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே தனித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. மிரட்டி வசூலிக்கும் கடன் நிறுவனங்களுக்கு எதிராக 2025-இலும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன பேசினார் என்று அந்தக் கடன் நோட்டின் பின்பக்கத்தில் அன்றன்றே எழுதிவாருங்கள். வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்தில் வருவார்கள் என்பதால், அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

18. விடுவிப்பு உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சொந்த ஊரில் நம்பிக்கையானவரிடம், ஒன்று கம்பெனி ஹெச்.ஆர். கோப்பில். கடன் கை மாறிக் கை மாறி, மூன்று வருடம் கழித்துக்கூட யாரோ ஒரு புது ஏஜென்ட் கதவைத் தட்டலாம். அன்று நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள். வீட்டில் இருப்பவர் அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினால் போதும்.